மாதா சப்பரமும் எண்பத்திரண்டு டிகிரியும்

போன வருடத் திருவிழாவில், எங்கள் ஊர்ப் பெரிய தெருவின் முனையில், மாதா சப்பரத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் எழுந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் அதைச் சாம்பிராணிப் புகை என்று நினைத்தார்கள். மீதிப் பேர் அதைவிடப் பெரிதாக ஏதோ நினைத்திருக்க வேண்டும். இரண்டு பெண்கள் தார் ரோட்டிலேயே முழங்கால் போட்டுவிட்டார்கள். பாடற்குழு பாட்டின் நடுவில் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றது. அந்த மேகம் எங்கிருந்து வருகிறது என்று சரியாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஏனென்றால் சப்பரம் இருந்தது என் லாரியில். மேகம் வந்தது அந்த லாரியின் ரேடியேட்டரிலிருந்து.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து பழனி போகிற பக்கம், ரெட்டியார்சத்திரத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. சொந்தமாக ஒரு ஆறு சக்கர லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். வருடம் முழுக்க முருங்கைக்காயும் கத்தரிக்காயும் தேங்காயும் சுமக்கிற வண்டிக்கு, மே மாதத்தில் ஒரே ஒரு நாள் கௌரவம். பாடியைக் கழுவி, நாலு மூலையிலும் வாழைமரம் கட்டி, மேலே சப்பரத்தைத் தூக்கி வைப்பார்கள். மாலை நாலு மணிக்குக் கிளம்பினால் நடக்கிற வேகத்தில் ஊரைச் சுற்றி இரண்டு மணி நேரம். ஆறு வருடமாக அது என் வேலை. அந்த இரண்டு மணி நேரம் மட்டும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் என்னை 'ஏய், வண்டிய ஓரம் கட்டுய்யா' என்று விரட்டுகிறவர்கள்கூட எனக்கு வழி விட்டு நிற்பார்கள்.

அந்த நாளில்தான் வண்டி கொதித்து நின்றது. மீதித் தூரத்துக்கு மாதாவையும் லாரியையும் என்னையும் சேர்த்துக் கயிறு கட்டி இழுத்துப் போனது என் மச்சானின் டிராக்டர். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். டிராக்டரில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, தெருவின் இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டே போனார் மனிதர். மக்கள் கும்பிட்டது பின்னால் இருந்த மாதாவை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தலையை எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்து, இழுத்த இழுப்புக்குப் போனேன்.

மறுநாள் காலையிலிருந்து என் லாரிக்குப் பெயர் 'இட்லிச் சட்டி'. வைத்தவர் மச்சான்தான்.

"என்ன மாப்ளே, இட்லிச் சட்டி எங்க கெளம்பிருச்சு? ஒட்டஞ்சத்திரமா? போயி எறக்குறதுக்குள்ள முருங்கக்கா வெந்துரும்ல? அப்டியே கொஞ்சம் உப்பும் போட்டு விட்ருங்க, வெஞ்சனமா எறக்கிரலாம்."

திருவிழாக் கமிட்டி கூடியபோது பங்குச் சாமியார் என் பக்கம் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்தபடியே தீர்ப்புச் சொல்லுகிறவர். "இன்னும் ஒரு வருசம் லாரியே வரட்டும். திரும்பவும் நடுவழியில நின்னுச்சுன்னா, அதுக்கப்புறம் டிராக்டர்தான், என்ன?" என்றார். மச்சான் 'ஆமென்' என்று சொன்ன சத்தம் கோயிலுக்கு வெளியே வரை கேட்டது.

இந்த இடத்தில் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறேன். சாமியாரிடம்கூடச் சொல்லாதது.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு உண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரை எஞ்சினுக்குள்ளேயே சுற்ற விடும். சூடு ஏறியதும் கதவைத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பி ஆற வைக்கும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். எங்கள் பக்கத்து லாரி ஸ்டாண்டில் இதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அது பனி கொட்டுற ஊருக்குப்பா. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குச் சூடு புடிக்கிற மெசினு? கழட்டி வீசு." புது வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழம் நசுக்குவது போல, இந்த வால்வைக் கழற்றுவதும் எங்களிடம் ஒரு சடங்கு.

நானும் கழற்றினேன். எப்போது? சப்பரம் கொதித்ததே, அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, மாதாவுக்குக் குளுகுளுவென்று வண்டி ஓட்ட வேண்டுமே என்ற பக்தியில், என் கையாலேயே கழற்றினேன். அதோடு விட்டேனா? மச்சானிடம் போய், "உங்க டிராக்டர்லயும் கழட்டிருங்க மச்சான், சும்மா சில்லுன்னு ஓடும்" என்று இலவச ஆலோசனையும் கொடுத்தேன். கழற்றிய வால்வின் நடுவில் ஒரு சின்ன முனை துருத்திக்கொண்டு இருந்தது. கொசுவத்திச் சுருள் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. எஞ்சினில் வேலை போன வால்வுக்கு எங்கள் படுக்கையறையில் வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு ரோட்டில் போகும்போதெல்லாம் டெம்பரேச்சர் முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. எனக்கு ஆனந்தம். குளிர்ந்த எஞ்சின் ஆரோக்கியமான எஞ்சின் என்று நானே ஒரு வைத்திய சாஸ்திரம் எழுதிக்கொண்டேன். சப்பரத்தில் கொதித்ததற்கு ரேடியேட்டர் மூடியைக் குற்றம் சொன்னேன், மாற்றினேன். ஃபேன் பெல்ட்டைக் குற்றம் சொன்னேன், அதையும் மாற்றினேன். வாழைமரத்தின் எடையைக்கூடச் சொல்லிப் பார்த்தேன். இடையில் வண்டி டீசலை மோர் குடிப்பது போலக் குடித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்கப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் உட்பக்கத்தில் பாலாடை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. இதெல்லாம் வயதானால் வருவது என்று விட்டுவிட்டேன். எனக்கும் அந்த வயதுதானே, எனக்கும் இருமல் இருக்கிறதே!

இந்த வருடத் திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மனம் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே தேங்காய்க் களத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், முதல் கியரில், சப்பர வேகத்தில் சுற்றிச் சுற்றி ஒத்திகை பார்த்தேன். இருபது நிமிடம் முள் படுத்திருந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்தது. பிறகு நிமிர்ந்து நின்றது. நாற்பதாவது நிமிடத்தில் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து அந்த வழியே டிராக்டரில் வந்த மச்சான் நிறுத்திப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, செக்கு ஆட்டுறீகளா? எண்ணெ எறங்குதா?"

"சும்மா... டயரு பாத்தேன் மச்சான்."

"டயர உருட்டித்தான் பாப்பாக. நீங்க வேகவச்சுப் பாக்குறீகளே!"

மறுநாளே திண்டுக்கல்லுக்குப் போய், உதிரிபாகக் கடையில் தெர்மோஸ்டாட் கேட்டேன். கழற்றியது தப்பு என்ற ஞானம் வந்து கேட்கவில்லை. 'குறைந்த டிகிரியில்' ஒன்று போட்டால் எஞ்சின் குறைந்த டிகிரியில் ஓடும் என்ற புது ஞானம் வந்து கேட்டேன். கடைக்காரர் நாலு டப்பாவை எடுத்து வைத்தார். எழுபத்தொன்று, எழுபத்தாறு, எண்பத்திரண்டு, எண்பத்தெட்டு.

"வண்டிக்கு எது வேணும்ணே?"

"இருக்குறதுலயே கம்மி."

"இது எழுவத்தொண்ணு."

"இதுக்கும் கீழ இல்லியா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதுக்கும் கீழன்னா பக்கத்துல ஐஸ் கடை இருக்குண்ணே."

எழுபத்தொன்றை வாங்கிக்கொண்டு, போரில் ஜெயித்தவன் போல வீட்டுக்கு வந்தேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். மாட்டிக்கொண்ட நேரங்களில் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தவள் கேட்டாள்:

"எதுக்கு எழுவத்தொண்ணு?"

"அதுக்கு மேல சூடு போகாதுல்ல."

"அப்டின்னு யாரு சொன்னா? இது எழுவத்தொண்ணுல கதவத் தெறக்கும். அம்புட்டுதான். அதுக்கு மேல ஏறாம பாத்துக்கிறது ரேடியேட்டரும் ஃபேனும். நம்ம வீட்டு வாசக் கதவ ஆறு மணிக்குப் பதிலா அஞ்சு மணிக்குத் தெறந்து வச்சா, மத்தியானம் வெயில் கொறஞ்சிருமா?"

நான் வாசல் கதவைப் பார்த்தேன். அதுவும் அவள் கட்சியாகத்தான் தெரிந்தது.

"சரி, பழைய வால்வு என்ன டிகிரி?"

"தெரியல."

"எங்க அது?"

"அது... ஒரு வருசமா நம்ம ரூம்லதான் இருக்கு, டீச்சர்."

கொசுவத்திச் சாம்பலுக்கு அடியில் மறைந்து கிடந்த வால்வை அவள் எடுத்து வந்து தேய்த்துக் கழுவினாள். விளிம்பில் எண் தெளிவாகத் தெரிந்தது: 82. வண்டிப் புத்தகத்தைச் சீட்டுக்கு அடியிலிருந்து இழுத்துப் பார்த்தால் அதிலும் அதே 82. சூடு எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் இருந்தால்தான் எஞ்சின் டீசலைச் சரியாக எரிக்கும், ஆயிலில் ஈரம் தங்காது என்று அதிலேயே போட்டிருந்தது. இத்தனை வருடம் அந்தப் புத்தகத்தின் மேல்தான் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை டீச்சர் பள்ளிக்கூடத்துத் தெர்மாமீட்டரோடு அடுப்படியில் நின்றாள். எங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் பாயையும் வரச் சொல்லியிருந்தாள். பால் சட்டியில் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வைத்து, கரண்டிக் காம்பில் நூல் கட்டி இரண்டு வால்வுகளையும் தண்ணீருக்குள் தொங்க விட்டாள். பக்கத்து அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாய் நிலைப்படியில் சாய்ந்து டீ குடித்தபடி, "எந்தச் சட்டில கறின்னு மட்டும் கரெக்டா பாத்துக்கங்க டீச்சரம்மா" என்றார்.

எழுபத்திரண்டு வந்ததும் புது வால்வு வாயைத் திறந்தது. பழையது அசையவில்லை. எழுபத்தைந்து, எழுபத்தெட்டு, எண்பது. நான் சட்டிக்கு மேல் குனிந்து பார்த்தேன். அது கெட்டுப்போனதாக இருந்தால் நான் கழற்றியது நியாயமாகிவிடும். என் மானம் கொஞ்சமாவது மிஞ்சும். எண்பத்தொன்று. எண்பத்திரண்டு. பழைய வால்வு, பூ விரிகிற மாதிரி, நிதானமாகத் திறந்தது.

"பாவம், ஒரு குத்தமும் பண்ணல" என்றாள் டீச்சர். "இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? மெழுகு. சூடு பட்டா மெழுகு உருகி விரிஞ்சு கதவத் தள்ளுது. வாரா வாரம் கோயில்ல மெழுகுவத்தி ஏத்துறீங்க. மாதாவச் சுமக்குற வண்டிக்குள்ள இருந்த மெழுக மட்டும் புடுங்கி எறிஞ்சிட்டீங்க!"

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அண்ணே, ஒரு நிமிசம். நீங்க வால்வக் கழட்டுனீங்களா? வருசம் பூரா ரேடியேட்டரப் பாரு, பெல்ட்டப் பாருன்னு என் உசுர எடுத்தீங்களே, இத ஒரு வார்த்த சொல்லலியே! வயித்து வலின்னு டாக்டர்கிட்டப் போயி, ஆணிய முழுங்குனத மறைச்ச மாதிரில்ல இருக்கு."

"கழட்டுனா குளுருந்தானே பாய்? எப்டிக் கொதிச்சுச்சு?"

பாய் வால்வை நூலோடு தூக்கிக் காட்டினார். "அடியில இன்னொரு தட்டு இருக்கு பாருங்க. மேல் கதவு தெறக்குறப்ப, இந்தத் தட்டு எறங்கி, எஞ்சினுக்கே திரும்புற குறுக்கு வழிய அடைக்கும். வால்வே இல்லேன்னா குறுக்கு வழி தெறந்தே கெடக்கும். பாதித் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம, சூட்டோட அப்டியே எஞ்சினுக்குத் திரும்பிரும். ரோட்டுல காத்து அடிக்கிற அடியில அது தெரியாது. அளவுக்கு மேலயே ஆறிரும். சப்பர வேகத்துல காத்துக்கு எங்க போவீங்க? பாடற்குழுவ ஊதச் சொல்லுவீங்களா?"

ஆக, கொதிக்கக் கூடாது என்று கழற்றியதால்தான் கொதித்திருக்கிறது. மாதாவை மேகத்தில் நிறுத்திய புண்ணியம் முழுக்க முழுக்க எனக்கே சொந்தம். அன்றைக்குக் கறிக்குழம்பு நன்றாக இருந்தது. ஆனால் சாப்பிடும் நேரம் முழுக்க இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் சிரித்ததில் எனக்கு இரண்டு தரம் புரை ஏறியது.

தண்ணீர் கசியாமலிருக்கப் புது பேக்கிங் வைத்து, பழைய எண்பத்திரண்டையே திரும்ப மாட்டுவது என்று முடிவாயிற்று. நானே மாட்டுகிறேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தேன். வால்வுக்கு மேல் மூடியை வைக்கப் போகும்போது பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார். "விளிம்புல குட்டி ஓட்டை, அதுல ஆடுற ஊசி, தெரியுதா? அது மேல் பக்கம் வரணும். உள்ள சிக்குன காத்து அது வழியாத்தான் வெளிய போகும். நீங்க வச்சிருக்குற மாதிரி வச்சா, அடுத்த வருசம் நான் மெக்கானிக் வேலய விட்டுட்டு டிராக்டர் வாங்கணும்." திருப்பி வைத்தேன். எழுபத்தொன்று கொசுவத்தி வேலைக்குப் போயிற்று.

திருவிழா வந்தது. நாலு மணி வெயில் தலையில் ஆணி அடித்தது. சப்பரம் ஏறியது, மேளம் அடித்தது, வண்டி நகர்ந்தது. டீச்சர் எனக்குப் பக்கத்தில் செபமாலையோடு உட்கார்ந்தாள். ஒரு கண் மாலையில், ஒரு கண் முள்ளில். பின்னால் மச்சானின் டிராக்டர். டிரெய்லரில் நாலு பீப்பாய் தண்ணீர், புத்தம் புதுக் கயிறு. கயிற்றுக்கு மஞ்சள் பூசிப் பூவும் சுற்றியிருந்தார்.

முள் ஏறத் தொடங்கியது. ஒரு வருடமாக அடியில் படுத்திருந்ததையே பார்த்துப் பழகிய எனக்கு, அது பாதிக்கு வந்ததும் கை தானாகச் சாவிக்குப் போயிற்று.

"ஏறுது புள்ள! செத்த நேரம் நிறுத்திக்கிருவமா?"

"கைய எடுங்க. நடுவுலதான் நிக்கணும். அதான் அதோட எடம்."

முள் நடுவுக்கு வந்தது. நின்றது. முதல் தெரு போயிற்று, இரண்டாவது தெரு போயிற்று, முள் நகரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பெரிய தெருவின் முனை வந்தது. போன வருடம் நின்ற அதே இடம். ஊரே மாதாவை விட்டுவிட்டு என் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாடற்குழு குரலைத் தாழ்த்தியது. எனக்கு முள்ளைப் பார்க்கவே பயமாக இருந்ததால் ரோட்டை மட்டும் பார்த்தேன்.

அப்போது கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று புகை எழுந்தது.

பிரேக்கை மிதித்தேன். கதவைத் திறந்து குதித்தேன். "தண்ணி! தண்ணி!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். மச்சான் வருடம் முழுக்கக் காத்திருந்த நிமிடம் அது. வாளியோடு பறந்து வந்தார். நான் வண்டியின் முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தால், அங்கே கண்ணாடியில் தெரியாத ஓரத்தில் எங்கள் கோயில் உபதேசியார் தூபக்கலசத்தைக் கையில் பிடித்தபடி மிரண்டுபோய் நின்றுகொண்டிருந்தார். முனைக்கு வந்ததும் மாதாவுக்குத் தூபம் காட்டியிருக்கிறார், மனிதர்.

"சாம்பிராணிப்பா!" என்றார்.

பெரிய தெரு முழுக்கச் சிரித்தது. போன வருடம் முழங்கால் போட்ட இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாமியார் செபப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மச்சான் பானட்டில் கை வைத்துப் பார்த்தார். ஜன்னலில் எட்டி முள்ளைப் பார்த்தார். கடைசியாக வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. கொதிக்கிறது மாப்ளதேன்" என்று சொல்லி, வாளித் தண்ணீரை அப்படியே என் தலையில் கவிழ்த்தார்.

மீதி ஒரு மணி நேரத்தைச் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு குளிர்ச்சியாக வண்டி ஓட்டியதில்லை. முள் நடுவிலேயே இருந்தது. கோயில் வாசலில் சப்பரம் இறங்கியதும் சாமியார் என் ஈரத் தலையில் கை வைத்து, "அடுத்த வருசமும் லாரிதான்" என்றார். இந்தத் தடவை 'ஆமென்' சொன்னது டீச்சர்.

கூட்டம் கலைந்ததும் மச்சான் பக்கத்தில் வந்து, யாரும் கேட்காதபடி குரலை இறக்கினார்.

"மாப்ளே, நீங்க சொன்னீகன்னு நானும் டிராக்டர்ல கழட்டுனேன்ல... இப்ப உழவுக்குப் போனா அரை மணி நேரத்துல மூச்சு வாங்குது. வெளிய சொல்லாதீக."

"டிராக்டர் புஸ்தகத்துல எத்தன டிகிரின்னு பாருங்க மச்சான்."

"புஸ்தகத்த எலி தின்னுருச்சே."

"பழைய வால்வுல எண் இருக்குமே. எங்க அது?"

மச்சான் தலையைச் சொறிந்தார். "வெள்ளாட்டுக் கழுத்துல, மணிக்கு நாக்கா கட்டி விட்டுட்டேன். நல்லாச் சத்தம் வருதுன்னு."

மறுநாள் காலையில் டீச்சர் அடுப்பில் பால் சட்டியை ஏற்றி வைத்துவிட்டுத் தெர்மாமீட்டரோடு காத்திருந்தாள். நானும் மச்சானும் கத்தரித் தோட்டத்துக்குள் அந்த ஆட்டைத் துரத்திக்கொண்டிருந்தோம்.